மூலையில் நின்ற சைக்கிள்

"இந்த வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் சுலபமா கிடைக்குமா தம்பி?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எந்தத் தெருவுல போய்க் கேட்டாலும் கிடைக்கும்!" என்றார் விற்பனையாளர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

கேள்வி கேட்ட பல் டாக்டரின் முகம் சுருங்கிப் போனது. பக்கத்தில் நின்ற மச்சானைப் பார்த்தார். மச்சான் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப இது வேண்டாம். அடுத்ததைக் காட்டுங்க."

விற்பனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. கடை மூட இன்னும் அரை மணிதான் இருந்தது. இந்த வாரம் அவர் விற்றது மொத்தம் இரண்டு பெல், ஒரு காற்றடிக்கும் பம்ப். யார் குறைவாக விற்கிறாரோ அவர் ஞாயிற்றுக்கிழமை டயர் பொம்மை வேஷம் போட்டுக்கொண்டு கடை வாசலில் ஆட வேண்டும். மேனேஜர் கண்டுபிடித்த திட்டம் இது, மகராசன் நல்லா இருக்கட்டும். ஆடுவதுகூடப் பரவாயில்லை. எதிர் மாடியில் குடியிருப்பது விற்பனையாளரின் மாமனார். இந்தக் கடைக்கே தன் மாப்பிள்ளைதான் மேனேஜர் என்று அந்த மனிதர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவருக்கு அப்படிச் சொன்னது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு சைக்கிள் விற்றால் போதும், மானம் தப்பும்.

வந்த இருவரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. டாக்டர், பழைய சைக்கிள் பிரியர் சங்கத்தின் தலைவர். ரயில் ஓட்டி ரிட்டயரான மச்சான், செயலாளர். தங்களைவிட வயதில் மூத்த இரண்டு இரும்பு வண்டிகளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்திருந்தார்கள். "ரொம்ப நாள் கனவு தம்பி. புத்தம் புதுசா, இந்தக் காலத்து வண்டி ஒண்ணு வேணும்" என்று டாக்டர் சொன்னபோது விற்பனையாளர் அவர் காலில் விழாத குறை.

"இதைப் பாருங்க சார், கார்பன் பாடி. சுண்டு விரல்ல தூக்கலாம்."

மச்சான் தூக்கிப் பார்த்தார். "ஆமா மாமா, குடை கணக்கா இருக்கு."

டாக்டர் பாக்கெட்டிலிருந்து குட்டி டார்ச்சை எடுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் கியருக்குள் எட்டிப் பார்த்தார். "ம்... நல்லாத்தான் இருக்கு. இதை எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?"

"இந்த மாசம் மட்டும் நாப்பது பேர் சார்!"

"நாப்பதா? போச்சு!"

அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள்.

"இந்தக் கம்பெனி எப்படி? நல்லா நடக்குதா?"

"அமோகமா நடக்குது சார்."

"இழுத்து மூடற மாதிரி எதுவும்...?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க சார்! அசைக்க முடியாத கம்பெனி."

"பாவம்" என்று மச்சான் உச்சுக் கொட்டினார்.

ஊரில் யாரிடமும் இல்லாத வண்டி வேண்டும் போலிருக்கிறது, எல்லாம் பெரிய மனுஷ வீம்பு என்று விற்பனையாளர் மனதுக்குள் பொருமினார். மேனேஜர் வேறு கண்ணாடி அறைக்குள்ளிருந்து டயர் வேஷத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த மூலையில நிக்குதே, அது என்ன?"

கிளிப்பச்சை நிறம். முன் சக்கரம் பெரிது, பின் சக்கரம் சிறிது. ஹேண்டில் பாரில் கறுப்பாக ஒரு சின்னத் திரை.

'ராஜா வண்டி சார்' என்ற பொய் விற்பனையாளரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் டாக்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பதைக் கவனித்தார். மாமனார் வயசு. எங்கேயாவது விழுந்து வைத்தால்? மனசு கேட்கவில்லை.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். இது மட்டும் வேண்டாம். வளைவுல திரும்பாது. பிரேக், அதுக்குத் தோணினாத்தான் பிடிக்கும். வித்ததே மூணுதான். மூணு பேரும் திருப்பிக் கொண்டுவந்து போட்டு என்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போனாங்க. ரெண்டு பழைய இரும்புக்குப் போயிடுச்சு, மிச்சம் இது ஒண்ணுதான். செஞ்ச கம்பெனியையும் மூடிட்டாங்க. ஒரு ஸ்க்ரூ கழண்டாக்கூட உலகத்துல எங்கயும் கிடைக்காது."

சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார். டயருக்குள்ளிருந்து தான் ஆடுவதும், மாடியிலிருந்து மாமனார் எட்டிப் பார்ப்பதும் அப்படியே தெரிந்தது.

கண்ணைத் திறந்தால், டாக்டரும் மச்சானும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மாமா! கிடைச்சிடுச்சு மாமா!"

"பில் போடுங்க தம்பி, பில் போடுங்க!"

"சார், நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"ஒவ்வொரு வார்த்தையும் தேனா விழுந்துச்சு!"

பில் போட்டாயிற்று. மேனேஜர் வேஷத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த விற்பனையாளரைத் தேடிப் போனார். தப்பித்த சந்தோஷம் ஒரு பக்கம், அறியாத மனுஷர்கள் தலையில் கட்டிவிட்டோமே என்ற உறுத்தல் ஒரு பக்கம். நம்மவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏறி உக்காருங்க சார், சீட்டு உயரத்தையாவது சரி பண்ணித் தர்றேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மெதுவா ஓட்டுங்க."

"ஓட்டறதா?" இருவரும் ஒரே நேரத்தில் பதறிப் போனார்கள்.

"கிரீஸ் தடவி, துணி சுத்தி, நேரா பரணுக்குப் போகுது தம்பி" என்றார் மச்சான். "அம்பது வயசு ஆகாத சைக்கிள்ல எங்க சங்கத்து ஆளுங்க காலே வைக்க மாட்டோம்."

"அன்னைக்கு உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும், அதுவும் எங்ககிட்டதான் இருக்கும்!" என்று கைதட்டிய அறுபத்தெட்டு வயது டாக்டர், விற்பனையாளரின் ஸ்பேனரை மெல்ல ஒதுக்கிவிட்டுச் சொன்னார், "சீட்டை அப்ப வந்து சரி பண்ணிக்கறோம்."