நூற்று எண்பத்தொன்று

முக்கோணத்தின் உச்சியை அவள் விரலால் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்மார்ட் போர்டில் அது நீண்டது, குட்டையானது, ஒரு பக்கம் சாய்ந்தது. மூலைகளில் பாகைகள் மாறிக்கொண்டே இருந்தன.

விரலை நிறுத்தப் பயம்.

எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் கல்வி அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவள் தற்காலிக ஆசிரியை. அடுத்த வருடமும் இந்தப் பள்ளியில் இருப்பாளா என்பது இந்த ஒரு பாடத்தில் இருக்கிறது.

தசமம் பிள்ளைகளைக் குழப்பும் என்று, கோணங்களை முழு எண்ணாக மட்டும் காட்டும்படி மென்பொருளை மாற்றி வைத்திருந்தாள். பெரிய புத்திசாலி. அதிகாரி வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள். சில இடங்களில் நிறுத்தினால், ஒவ்வொரு கோணத்திலும் மிச்சமிருக்கும் துளியை அது மேலே ஏற்றி முழுசாக்கிவிடுகிறது. மூன்றையும் கூட்டினால் நூற்று எண்பதுக்கு ஒன்று அதிகம்.

இப்போது போய் மாற்றினால், தடுமாறுகிறாள் என்று எழுதிவிடுவார்.

இழு. பேசு. சிரி.

“யாராவது ஒரு பிள்ளைய வந்து செய்யச் சொல்லுங்களேன்” என்றார் அதிகாரி.

நசீமாவைக் கூப்பிட்டாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். கேள்வி கேட்டு மாட்டிவிட மாட்டாள் என்கிற நம்பிக்கைதான், வேறென்ன.

நசீமா இழுத்தாள்.

நிறுத்தினாள்.

61. 60. 60.



கூட்டி எழுதச் சொன்னார் அதிகாரி. நசீமா விரல் விட்டுக் கூட்டி, திரையில் 181 என்று எழுதினாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நூற்று எண்பது, நூற்று எண்பது என்று எல்லாப் பெஞ்சிலிருந்தும் சத்தம். ஒருவர்கூடக் கூட்டிப் பார்க்கவில்லை. அதிகாரியும்தான்.

நசீமாவின் காது சிவந்தது. எழுதியதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு 180 என்று எழுதினாள்.

அதிகாரிக்குத் திருப்தி. பாடம் நன்றாக இருந்தது என்று சொல்லி, பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

தப்பித்தாயிற்று. அவர் வாசலைத் தாண்டினால் போதும்.

நசீமா தன் இடத்துக்குப் போகவில்லை. திரையைப் பார்த்து, உதடு அசைய, மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். அவற்றின் மேல்தான் சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு.

ஆசிரியையால் அதைத் தாங்க முடியவில்லை.

“நசீமா, நீ கூட்டினது சரிதாம்மா. அழிச்சத மறுபடி எழுது.”

வாசலில் அதிகாரியின் செருப்புச் சத்தம் நின்றது.