திருப்பி அனுப்பவும்

பர்ர்ர்ரென்று டேப்பைப் பிய்க்கும் சத்தம். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து. கால் மணி நேரத்தில் இது மூன்றாவது தடவை.

ஏணி மேல் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்த நெட்டையன் டிரில்லை நிறுத்தினான்.

"கஸ்டம்ஸ் ஆபீசர் அடுத்த பெட்டியைச் சோதனை போடறாங்கப்பா."

ஏணியைப் பிடித்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கண்காட்சி அமைப்பது எப்படி என்று படிக்கும் மாணவர்கள். இது அவர்களுக்குக் கடைசிப் பருவம். யார் வேண்டுமானாலும் ஓவியம் அனுப்பலாம் என்று அறிவித்ததில் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்து குவிந்துவிட்டது. சுவரில் இடமோ நாற்பதுக்குத்தான். எல்லாரும் முன்கூட்டியே போனில் அனுப்பியிருந்த புகைப்படங்களைத் திரையில் ஓடவிட்டு, ஒரே பகலில் நாற்பதைப் பொறுக்கியாயிற்று. மீதிப் பார்சல்களைப் பிரிக்கவே வேண்டாம். மேலே 'திருப்பி அனுப்பவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் வேலை முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஸ்டிக்கர் ஒட்டும் பொறுப்பு, தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த மாணவிக்கு.

மூன்று நாளாக அவள் ஒட்டுவதை விடப் பிரிப்பதுதான் அதிகம். படத்தை எடுத்துச் சுவரில் சாய்ப்பாள். நாலடி தள்ளி நின்று பார்ப்பாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி உள்ளே வைத்து, பழையபடி கட்டுவாள். அதற்குப் பிறகுதான் ஸ்டிக்கர்.

நெட்டையனுக்கு இது சரியாகப் படவில்லை. வேண்டியவர்கள் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், அதைத் தேடிக் கண்டுபிடித்து நாற்பதில் நைசாக நுழைக்கப் பார்க்கிறாள் என்றான். மற்றவர்களும் இருக்கும் இருக்கும் என்றார்கள். விஷயம் ஆசிரியர் காதுக்குப் போனது.

மூன்றரை மணிக்கு அவர் வந்தார். பார்சல் குவியலைப் பார்த்தார். இருநூற்றெழுபத்திரண்டில் ஸ்டிக்கர் ஏறியது நூறைத் தாண்டவில்லை.

சத்தம் போடவில்லை அவர். கண்காட்சியை அமைத்தவர்கள் பெயர்ப் பட்டியல் இன்றைக்கு அச்சுக்குப் போகிறது, நுழைவாயில் சுவரில் ஒட்டுவதற்கு. அதில் அவள் பெயர் இருக்கட்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார்.

அவள் முகம் சுண்டிவிட்டது. அந்தச் சுவரில் ஒரு வரி, தன் பெயர். அதற்காகத்தான் மூன்று வருஷமாக இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறாள்.

"யாரோட படத்தைத் தேடறே, சொல்லும்மா."

அவள் டேப்பின் நுனியைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்க அப்பாவோடது."

நெட்டையன் மற்ற இருவரையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"எந்தப் பார்சல்? எடு, பார்ப்போம்."

"இதுல இல்ல சார். இந்த வருஷம் அவர் அனுப்பல."

டிப்போவில் பஸ்களுக்கு நம்பர் எழுதுகிறவர் அவள் அப்பா. இதே அரங்குக்கு ஆறு வருஷம் விடாமல் படம் அனுப்பினார். கட்டும்போது அட்டை மடிப்புக்கு உள்ளே குறுக்காக ஒரு தையல் நூலை ஒட்டி வைப்பாராம். அவள் பக்கத்தில் டார்ச் பிடிப்பாள். யார் பிரித்தாலும் நூல் அறுந்தாக வேண்டும். பார்சல் திரும்பி வந்ததும் ஓரத்தைக் கீறி, முதலில் அந்த நூலைத்தான் பார்ப்பார்.

"ஒரு வருஷம்கூட அறுந்திருக்கல சார். பார்த்துட்டு வேணாம்னு சொல்லியிருந்தா அடுத்த வருஷமும் வரைஞ்சிருப்பார். இப்ப அந்த பிரஷ்ஷுல ஷூவுக்குப் பாலிஷ் போடறார்."

டிரில் சத்தம் இல்லாமல் அரங்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

"இதையெல்லாம் பார்த்தா அவரோடதைப் பார்த்ததா ஆகாது. அது தெரியும் சார். இருந்தாலும் கை நிக்க மாட்டேங்குது."

ஆசிரியர் குனிந்து, பாதி கட்டியிருந்த பார்சலிலிருந்து துண்டுக் காகிதத்தை உருவிப் படித்தார்.

'ஈரத் துணியின் நிழல் அப்படியே வந்திருக்கிறது. பெண்ணின் கைதான் சரியாக அமையவில்லை. நின்று பார்த்தேன்.'

படித்ததை இருந்த இடத்திலேயே வைத்தார். எந்த ஆறு வருஷம் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

பிறகு தட்டிக்கு வெளியே போய் போனில் பேசினார். வேன் இன்றைக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்று அவர் சொல்வது எல்லாருக்கும் கேட்டது. நெட்டையன் சத்தமில்லாமல் ஏணியிலிருந்து இறங்கினான்.

திரும்பி வந்த ஆசிரியர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பார்சலை மடிமேல் இழுத்துக்கொண்டார்.

"கத்தரிக்கோல் இன்னொண்ணு இருக்காம்மா?"

ஒன்றுதான் இருந்தது. அதை அவரிடம் கொடுத்தாள். அந்த ஆறு வருஷமும் இதே தரையில் உட்கார்ந்து, எதையும் பிரிக்காமல், ஒரே மணி நேரத்தில் ஸ்டிக்கர் ஒட்டி முடித்துப் பேர் வாங்கியவர் அவர்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அடுத்த பார்சலை எடுத்து, டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பத் தொடங்கினாள்.