என்ஜினுக்குப் பெரிய பொட்டு

கிள்ளை உப்பங்கழியில் தேவநாதன் வைத்திருந்த படகு, காலில் பலகை கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்குகிறவர்களைக் கயிறு போட்டு இழுப்பதற்கென்றே செய்தது. சறுக்க வந்தவர்கள் எல்லாரும் வயிறு நிறைய உப்புத்தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறியதால், கல்யாண ஜோடிகளை வைத்து வீடியோ எடுக்கத்தான் அது பயன்பட்டது. போன மழையோடு அதன் பழைய என்ஜினும் மூச்சை நிறுத்திக்கொண்டது.

தை பிறந்ததும் தேவநாதன் ஒரு புது என்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார். பெட்டி பிரிக்காத சரக்கு. மாட்டும் பொறுப்பை அக்கா மகன் ராஜ்கமலிடம் கொடுத்தார்.

"கம்பெனி ஆளுங்கள கூப்ட வேணாமா மாமா?"

"எதுக்கு? அவுங்க வந்தா பின்னாலயே ஊரும் வந்து எட்டிப் பாக்கும். கண்ணு பட்டுடும் மாப்ள. நீயே மாட்டு. புதுசுன்னு வெளிய மூச்சு விடாத."

ராஜ்கமல் மூச்சு விடவில்லை. மாமாவின் படகை ஓட்டி ஓட்டி அவனுக்கு அலுத்திருந்தது. வருகிறவர்களிடம் மாமா அவனை "நம்ம டிரைவர்" என்பார். மருமகன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொந்தமாக ஒரு படகு இருந்தால் அந்தப் பேச்சு நிற்கும். பரங்கிப்பேட்டையில் ஒரு வெறும் படகைப் பேசி வைத்திருந்தான். அதற்கு என்ஜின்தான் இல்லை.

கடலூர் முதுநகரில் பட்டறை வைத்திருந்த லூயிஸ் அவனுக்குக் கூட்டாளி. பழைய என்ஜினைப் பிரித்துக் கழுவி, புதுசின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, புதுசின் மேல்மூடியையும் மாட்டிப் படகில் உட்கார வைத்தான். புது என்ஜின் அவன் பட்டறைக்குப் போனது.

"ஓடுமா மச்சான்?"

"ஓடும். எத்தினி நாளைக்குன்னு மாதாவுக்குத்தான் தெரியும்," என்றான் லூயிஸ். "ஆனா பழைய என்ஜின் நம்பரு? பக்கத்துலயே அடிச்சி வெச்சிருக்கான் பாரு. அரம் போட்டு ராவுனா தெரிஞ்சிடும்."

"ராவ வேணாம். பூஜை போட்டு சந்தனத்த அப்பிடலாம். சாமிக்கு வெச்ச பொட்ட எவன் அழிப்பான்?"

"நான் வேதக்காரன், எனக்கே கை வராது. காஞ்சி உதுந்தா?"

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம புதுசா வெக்கிறேன். மாமா என் பக்தியப் பாத்து மெரண்டுடுவாரு."

அந்த வெள்ளிக்கிழமை காலை பூஜை. அத்தை பவானி கற்பூரத் தட்டோடு படகுத்துறையில் நின்றாள். ராஜ்கமல் எண்ணின்மேல் கனமாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமமும் இட்டான். தேவநாதன் குனிந்து பார்த்தார்.

"என்னடா பொட்டு இது, கொசு கடிச்சா மாரி?"

உள்ளங்கை நிறையச் சந்தனத்தை அள்ளி அதன் மேலேயே அப்பினார். கோயிலில் திருநீற்றைக்கூடக் கிள்ளி எடுக்கிற மனிதர். கடவுளே தன் கட்சிக்கு வந்துவிட்டதாக ராஜ்கமல் பூரித்தான்.

பூசணிக்காயை உடைப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் சந்திரலேகா இறங்கினார். "என்ஜின் மாட்டியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம். நம்பர் பாக்கணும்."

ராஜ்கமல் சந்தனக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். லூயிஸ் போட்டுக் கொடுத்துவிட்டானா?

இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார். பொட்டைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "கற்பூரம் காட்டினதுல நான் கை வெக்க மாட்டேன். சார், ஓனர் நீங்களே தொடச்சிக் காட்டுங்க."

தேவநாதனின் முகம் வெளுத்தது. "சாயங்காலம் வரைக்கும் அழிக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு மேடம். குடும்பத்துக்கு ஆகாது." கண்ணில் நீரே கட்டிவிட்டது. இப்படியும் ஒரு பக்தியா என்று ராஜ்கமல் அசந்துபோனான்.

"துண்ட எடுங்க சார்."

ராஜ்கமலின் மூளை வேகமாக ஓடியது. போலீஸாகக் கண்டுபிடித்தால் கேஸ். தானாக ஒப்புக்கொண்டால் குடும்பச் சண்டை. மாமா அறைவார், அத்தை விலக்கிவிடுவாள், மத்தியானம் சோறும் போடுவாள். படகுக்குள்ளேயே தடாலென்று மாமாவின் காலில் விழுந்தான்.

"மன்னிச்சிடுங்க மாமா! இது பழைய என்ஜின். புதுச நான்தான் திருடிட்டேன். முதுநகர்ல லூயிஸ் பட்டறைல கெடக்கு!"

அறை விழவில்லை. நிமிர்ந்து பார்த்தான். மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. தோள் துண்டை உருவி, சந்தனம் குங்குமம் அத்தனையையும் அடிப்பிடித்த பாத்திரம் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தார்.

"பாருங்க மேடம். நல்லா கிட்ட வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் செல்போனில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். "இது இல்ல," என்றவர் ராஜ்கமலிடம் திரும்பினார். "புதுச்சேரில ஒரு கடைப் பூட்ட ஒடைச்சி என்ஜினத் தூக்கிட்டாங்க. நாங்க தேடாத எடமில்ல. நீயே எடத்தையும் சொல்லிட்ட. ஏறு ஜீப்புல."

"ஐயோ மேடம், நான் கடையில திருடல! மாமா வாங்கி வெச்சிருந்ததத்தான் திருடினேன்!"

"அப்படியா சார்? நீங்க வாங்கினதா?"

தேவநாதன் பவானியிடம் கற்பூரம் ஏற்றச் சொன்னார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "சாமி சத்தியமா நான் எந்தப் புது என்ஜினும் வாங்கல மேடம்."

கற்பூரம் அடித்துச் சொன்ன பிறகு இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை, அத்தையும் விலக்க வரவில்லை.

ஜீப் கிள்ளை ரயில்வே கேட்டைத் தாண்டும்போதுதான் ராஜ்கமலுக்கு உறைத்தது: சாமி விஷயத்தில் மாமா பொய் சொல்கிறவரே இல்லை, அவர் அந்த என்ஜினை வாங்கவில்லை, பூட்டை உடைத்துத்தான் எடுத்து வந்திருந்தார்.