தலை சாயாத படம்

தேயிலை மலை ஊரான தானா ராத்தாவின் கடைத்தெருவில், புகைப்பட நிலையத்தின் கண்ணாடிக் கதவில் மூடுபனி வழிகிறது. எஸ்டேட் பள்ளி ஆசிரியை பூங்காவனம் முக்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள். ஒரு பெண் தனியாகப் படமெடுக்க வந்தால் அது மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் என்று நினைத்து, போன வாரம் நிலையத்துக்காரர் சாகுல் ஹமீது அவள் தலையை அழகாகச் சாய்த்து எடுத்துவிட்டார். கிரேக்கத் தீவுக்கான விசாவுக்கு அது ஆகாது என்று கோலாலம்பூர் ஏஜென்ட் திருப்பி அனுப்பிவிட்டார். புதிய படம் நாளைக் காலை பஸ்ஸில் போகாவிட்டால் இந்தப் பள்ளி விடுமுறைக்குப் பயணம் இல்லை. “அந்தத் தீவுல என்னதான் இருக்கு, டீச்சர்?” விளக்கைத் திருப்பியபடி கேட்கிறார் சாகுல் ஹமீது. “கதையில படிச்சேன், பாய். வெள்ளை வீடு, ஆடு, கடல். சத்தமே இருக்காதாம்.” “சத்தமில்லாம இருக்கவா? எல்லாரும் கொழுந்தெடுக்கப் போனப்புறம் லயத்து வீட்டுல வந்து உக்காருங்க லா, விசாவே வேணாம்!” அவள் உதடு துடிக்கிறது. “சிரிக்க வைக்காதீங்க, பாய்!” விளக்கின் சூட்டில் அவளுடைய ஈரக் கம்பளிச் சட்டையிலிருந்து மெல்ல ஆவி எழுகிறது. பழக்கத்தில் அவர் விரல்கள் அவள் முகவாயை நோக்கி நீள்கின்றன. பாதியில் நின்று, சட்டைப்பைக்குள் போய்விடுகின்றன. கேமரா சொடுக்குகிறது. “முடிஞ்சது. இப்பச் சிரிங்க, டீச்சர்.” அவள் சிரிக்கவில்லை. கேமரா வில்லையின் கருநீலத்துக்குள் அந்தக் கடலை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.