பக்குவமான கை

“மேடம், ஆட்டோபைலட் போயிடுச்சு!” என்றான் துணை விமானி.

எச்சரிக்கை மணி மூன்று முறை அலறி ஓய்ந்தது. கண்ணாடிக்கு வெளியே மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. விமானத்தின் வேகத்தைக் காட்டும் இரண்டு மானிகளும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

“சென்சார்ல ஐஸ் பிடிச்சிருக்கு,” என்றாள் கேப்டன். “வேகத்தை நம்பாதே. மூக்கையும் என்ஜினையும் நிலையா வச்சிருந்தா போதும். நான் புத்தகத்தை வாசிக்கிறேன்.”

நடைமுறைப் புத்தகத்தை மடியில் விரித்தாள். ஒருவர் வாசிக்க வேண்டும், இன்னொருவர் ஓட்ட வேண்டும். இவனைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அது பொய் என்று அவளுக்கே தெரியும். பத்தொன்பது வருடங்களில் அவள் கையால் ஓட்டியதெல்லாம் ஏறும்போது சில நிமிடங்கள், இறங்கும்போது சில நிமிடங்கள். மற்றதெல்லாம் இயந்திரத்தின் வேலை. மணி அலறியபோது அவள் உள்ளங்கை நனைந்துவிட்டது. ஒளிந்துகொள்ளப் புத்தகம் வசதியாக இருந்தது.

துணை விமானிக்குப் பணிப்பெண்கள் வைத்திருந்த பெயர் ‘பட்டன்’. எதற்கெடுத்தாலும் பட்டனைத் தட்டுபவன். அவனைக் கேப்டனாக்கலாமா என்று முடிவு செய்கிற கடைசிப் பயணம் இது. படிவம் அவள் பையில் இருந்தது. ‘கையால் ஓட்டும் பழக்கம் போதாது’ என்று காலையிலேயே அதில் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள்.

“மூக்கு மூணு டிகிரி மேலே. என்ஜின் எண்பத்தஞ்சு சதவீதம்.”

“மூணு. எண்பத்தஞ்சு.” அவன் இடக்கை என்ஜின் நெம்புகோலை நகர்த்தியது.

அவள் தன் பக்கத்து ஸ்டியரிங் சக்கரத்தில் இரண்டு விரல்களை மட்டும் வைத்திருந்தாள். இருவர் முன்னாலும் உள்ள சக்கரங்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அவன் தப்புச் செய்தால் பிடுங்கிக்கொள்ளலாம்.

தப்பே நடக்கவில்லை. மேகம் விமானத்தைத் தூக்கிப்போடப் பார்த்தபோதெல்லாம், ஒரு கணம் முந்திக்கொண்டு சக்கரம் மெல்லச் சாய்ந்து கொடுத்தது. தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றிப் போடுகிற மாதிரி, அவசரமே இல்லாத அசைவு. இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு இந்தப் பக்குவம் எப்படி வந்தது? முதலில் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு ஏனோ பிடரியில் சில்லென்றது.

இன்டர்காமில் தலைமைப் பணிப்பெண் வந்தாள். “என்ன கேப்டன், சுத்தி இவ்வளவு மேகம், இங்க டம்ளர்ல தண்ணிகூட ஆடல! யாரு ஓட்டறது? கை வச்ச மாதிரியே தெரியலையே!”

“போய் வேலையைப் பாருக்கா,” என்று சிரித்தபடி துண்டித்தாள்.

பன்னிரண்டு நிமிடங்களில் மேகம் விலகி வெயில் வந்தது. மானிகள் இரண்டும் ஒரே வேகத்தைக் காட்டின.

“ஆட்டோபைலட்டைப் போட்டுடலாமா மேடம்?”

“இருக்கட்டும் தம்பி, இன்னும் கொஞ்ச தூரம் இப்படியே போகலாம். உன்னைப் பத்தி நான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன். என்ன ஒரு கை உனக்கு! இறங்கினதும் கையெழுத்துப் போட்டுடறேன்.”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“மேடம்... பேசாம நன்றி சொல்லி வாங்கிட்டுப் போயிருப்பேன். மனசு வரல. நான் ஓட்டல.”

“என்னது?”

“என்ஜினை மட்டும்தான் பார்த்துக்கிட்டேன். மணி அடிச்சதுமே எனக்குக் கை உதறிடுச்சு. சக்கரத்துல சும்மா விரலை வச்சிருந்தேன். அது அசைஞ்சுதா, நீங்கதான் ஓட்டறீங்கன்னு...” சக்கரத்தைப் பார்த்தான். “என்ன பக்குவம்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்.”

ஓட்டுகிறவர் ‘என் கையில்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் ‘உங்கள் கையில்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பயிற்சியின் முதல் நாள் பாடம். இன்று அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவள் அந்த இரண்டு விரல்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவனும் தன் கைகளை எடுத்துவிட்டான். ஆட்டோபைலட் விளக்கு அணைந்தேதான் இருந்தது.

காதில் தரைக் கட்டுப்பாட்டு மையத்தின் குரல் ஒலித்தது. “இடப்பக்கம் இருபது டிகிரி திரும்புங்க.”

இரண்டு சக்கரங்களும் ஒன்றாக, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் சாய்ந்தன.