தள்ளிப்போன வாக்கெடுப்பு

சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் அக்காவும் தங்கையும் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் சமம் என்று அந்த நாட்டு அரசியல் சாசனத்தில் இன்னும் இல்லாத ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி ஊர் ஊராக அலைந்தவள் அக்கா, தையல்காரி. வாக்கெடுப்பு இன்றும் தள்ளிப்போய்விட்டது. கீழே உறுப்பினர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சிரித்தபடி கலைகிறார்கள். உயரத்துச் சன்னல் வழியே சாய்ந்த வெயில் காலி நாற்காலிகளின் மேல் விழுகிறது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள். பழக்கமான உறுப்பினர் ஒருவர் மேலே வந்து, "வீட்ல உங்க ராஜ்ஜியம்தானேம்மா, அப்புறம் என்ன?" என்கிறார், அன்பாகத்தான். "எந்த வீடுங்க? அப்பா வீடு அண்ணனுக்குன்னு சட்டமே சொல்லிடுச்சே," என்கிறாள் அக்கா. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார். "போதும்க்கா," என்கிறாள் தங்கை. "நான் பள்ளிக்கூடம் போறப்ப ஆரம்பிச்ச. இப்ப எம் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா. இனிமே வேற யாராவது வரட்டும்." அக்கா அவளை நிமிர்ந்து பார்க்கிறாள். "யாரு?" தங்கை குனிந்து, கழற்றிய செருப்பை அக்காவின் காலில் மாட்டிவிடுகிறாள். கதவைப் பூட்ட வந்த காவலாளி சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குகிறார். அக்கா முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்து அவரிடம் போகிறாள். "தம்பி, அடுத்த கூட்டம் எப்போ?" அவர் ஒரு தேதி சொல்கிறார். மறந்துவிடாமலிருக்க அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, கைப்பிடியைப் பிடித்து அவள் படி இறங்குகிறாள். பின்னாலேயே வரும் தங்கை, காவலாளியிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறாள்: "என்ன தேதின்னு சொன்னீங்க?"