கம்பியில் பிசுக்கு

அறைகளைத் தினமும் ஒழுங்காகத் துடைக்கிறார்களா என்று நோயாளிகளிடமே கேட்கும் ஏற்பாடு வந்ததிலிருந்து, மேற்பார்வையாளர் இப்படிப் பாட்டு வாங்கியதில்லை.

“கட்டில் கம்பியெல்லாம் பிசுக்கு. பெல் பட்டனைத் தொடவே கூசுது. இவளுக்குத் துடைக்கத் தெரியுமா, தெரியாதா?” என்று பொரிந்து தள்ளினார் ஏழாம் அறைக்காரர்.

கம்பியும் பட்டனும் பளிச்சென்றுதான் இருந்தன. துடைக்கும் பெண்ணின் கண்கள்தான் கலங்கியிருந்தன. மேற்பார்வையாளர் அவளை வெளியே அழைத்துப் போனார்.

“மனசுல வச்சுக்காதம்மா. நாளையிலேருந்து உனக்கு வேற ரூம் போட்டுடறேன்.”

“வேணாம் மேடம்” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “கல்யாணமான நாள்லேருந்து இதே பேச்சுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் வாயைத் திறந்திருக்காரு.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “அங்க என்ன பேச்சு? ஸ்விட்சு அப்படியே கிடக்கு.”

“இதோ வந்துட்டேங்க” என்று துணியோடு ஓடினாள்.